உறை ஊற்றும் சூடு

வண்டிக்காரன் இறங்குவதற்குள் லத்தீஃப் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிடுவார். ஓட்டுபவரின் இருக்கையில் அல்ல, பக்கத்து இருக்கையில். எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, கதவைச் சாத்திக் கண்களை மூடிக்கொள்வார். பிறகு டேஷ்போர்டில் காற்று வரும் துளையருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்வார். இனிப்பு வாடை அடித்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே எங்கோ கசிகிறது. முன்கண்ணாடியின் உள்பக்கத்தைச் சட்டைக் கையால் ஒரு இழுப்பு இழுத்து, துணியில் பிசுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். வெளியே பனியில் நிற்கும் வண்டிக்காரன் கண்ணாடி வழியாக எதையாவது சொல்ல ஆரம்பிப்பான். அவர் காது கொடுக்க மாட்டார்.

"ஓட்டுறவன் பேச்சை நம்பக் கூடாது," என்பார் இறங்கி வந்து. "அவன் ஸ்டியரிங்கைப் புடிச்சிருக்கான், கியர் போடுறான், எதிர்ல வர்ற லாரிக்காரனைத் திட்டுறான். அவனுக்கு உடம்பு சூடாத்தான் இருக்கும். பக்கத்துல சும்மா உக்காந்து வர்றவளைக் கேளு. ஹீட்டர் எப்படி இருக்குன்னு அவளுக்குத்தான் தெரியும்."

எங்கள் ஊரான கானிரஷ்ஷில் அவரை எல்லோரும் வஸ்தா லத்தீஃப் என்றுதான் கூப்பிடுகிறோம். தொழிலில் கை தேர்ந்தவரை குர்திஷ் பேச்சில் வஸ்தா என்பது வழக்கம். அவருடைய பட்டறை என் உதிரிபாகக் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. கணவாய்ச் சாலை தொடங்குவது எங்கள் ஊரில்தான். கோடையில் மேலே ஏறும்போது கொதித்துப்போய்த் திரும்பும் வண்டிகளும், குளிர்காலத்தில் உள்ளே உட்கார முடியாமல் வரும் வண்டிகளும் அவர் வாசலில்தான் நிற்கும். பெரும்பாலும் பழைய நீலப் பிக்கப்புகள். உருளைக்கிழங்கும் வைக்கோலும் ஆடும் ஏற்றி, கதவு ஒரு பக்கம் தொங்கி, சூடு காட்டும் முள் என்றோ செத்துப்போன வண்டிகள்.

குள்ளமான மனிதர். அறுபதை நெருங்குகிறார். தொளதொளத்த கால்சட்டையின் அடிப்பகுதியை ரப்பர் பூட்ஸுக்குள் திணித்திருப்பார். இடுப்பில் சுற்றிய துணிக்குள் திருப்புளி, கத்தரி, கற்கண்டுப் பொட்டலம் மூன்றும் இருக்கும். சர்க்கரை வியாதி வந்து பல வருடமாயிற்று. டாக்டர் இனிப்பைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். "தொடல. பல்லுக்கு நடுவுல வெச்சிருக்கேன், டீ தானா கரைச்சுக்கிட்டுப் போகுது," என்பார். பட்டறைக்குள் ரேடியோ பாடக் கூடாது. எஞ்சின் பேசும்போது குறுக்கே யாரும் பேசக் கூடாது. மூடிகளின் இடுக்கில் கசிவு வராமல் வைக்கும் கேஸ்கட் என் கடையில் இருந்தாலும் வாங்க மாட்டார். தேயிலை டப்பாவின் அட்டையை விரித்து, வேண்டிய வடிவத்தில் கத்தரியால் வெட்டி, இருபுறமும் கிரீஸ் பூசி ஒட்டிவிடுவார். எங்கள் பகுதியில் ஓடும் பாதி வண்டிகளின் எஞ்சினுக்குள் தேயிலை விளம்பரம் இருக்கிறது.

அவருடைய பெயரைத் தூக்கி நிறுத்தியது அவருடைய கை. பிக்கப்பின் முன்மூடியைத் தூக்கினால், எஞ்சினிலிருந்து உள்ளே ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் ஒன்று, அங்கிருந்து திரும்பும் குழாய் ஒன்று தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில், மாட்டின் காம்பைப் பிடிப்பது போலப் பிடிப்பார். போகும் குழாய் சுட்டு, திரும்பும் குழாய் ஆறிக் கிடந்தால் நடுவே அடைப்பு. இரண்டும் நன்றாகச் சுட்டும் வண்டிக்குள் குளிர்ந்தால் தண்ணீர்மேல் குற்றமில்லை. விசிறியோ, தூசியோ, சரியாக மூடாத காற்றுத் தகடோ காரணம். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் எஞ்சினுக்கே சூடு ஏறவில்லை. கருவி எதுவும் கிடையாது. பிடிப்பார், சொல்வார், சொன்னது சரியாக இருக்கும். பல வருடம் அப்படித்தான் இருந்தது.

சென்ற குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஹேமின் தன் பிக்கப்பைக் கொண்டுவந்தான். மேல்கிராமத்துக்காரன், அதிகம் பேசாதவன். அவன் மனைவி ரூனாக்குக்கு அந்த வருட வசந்த காலத்தில் இரண்டு சிறுநீரகமும் நின்றுபோயின. ஒன்றுவிட்டு ஒருநாள் கணவாயைத் தாண்டி சாகெஸ் நகர ஆஸ்பத்திரிக்குப் போய், இரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்துகொண்டு திரும்ப வேண்டும். மினிபஸ் அவளுக்காகக் காத்திருக்காது. திரும்பும் வழியில் குமட்டும், சாய்ந்து படுத்தபடிதான் வர முடியும். ஆகவே அந்த பிக்கப்பை விட்டால் வேறு வழியில்லை.

"போறப்ப பரவால்ல, வஸ்தா," என்றான் ஹேமின். "வர்றப்பதான் தாங்க மாட்டேங்குறா. மெஷின்லேருந்து எழுந்து வந்தாலே அவளுக்கு உடம்பு ஜில்லுனு இருக்கு. வண்டியில ஏறினா பல்லு அடிச்சுக்குது. இறக்கத்துல சுத்தமா சூடே வர்றதில்ல."

லத்தீஃப் முன்மூடியைத் தூக்கி, இரண்டு குழாயையும் பிடித்தார். கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்ததாக இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

"ரெண்டும் சூடு," என்றார். "காத்துப் பக்கம்தான் கோளாறு."

டேஷ்போர்டைக் கழற்றினார். உள்ளே தூசியும் வைக்கோல் துரும்பும் எலிக்கூடும் இருந்தன. எல்லாவற்றையும் வழித்தெடுத்து, தகடுகளுக்குப் புதிய கம்பளித் துண்டு ஒட்டி, என் கடையிலிருந்து புது விசிறி மோட்டார் வாங்கிப் பொருத்தினார். பட்டறைக்குள் அடுப்பருகே எஞ்சினை ஓடவிட்டதும் காற்று நன்றாக வந்தது, சூடாகவும் வந்தது. நின்ற இடத்திலேயே ஓடினால் எந்த வண்டியும் கடைசியில் சூடாகிவிடும். ஹேமின் அவர் தோளைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

சில நாளில் திரும்பி வந்தான். குளிர் குறையவில்லை. லத்தீஃப் மறுபடியும் குழாய்களைப் பிடித்தார், மறுபடியும் இரண்டும் சூடு என்றார். கதவு ரப்பர் தேய்ந்திருக்கிறது, வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று சொல்லி அதை மாற்றினார். குரலில் எரிச்சல் இருந்தது. "இது பழைய வண்டிப்பா. இதுக்குள்ள வெந்நீர்க் குளியல் ஹமாம் மாதிரி சூடு கேட்டா நான் எங்க போறது," என்றார். ஹேமின் வண்டியை எடுத்தான். அன்று லத்தீஃப் டீ குடிக்க என் கடைக்கு வரவில்லை.

தை மாதக் குளிர் இறங்கியிருந்த ஒரு காலையில் ஹேமின் வந்தான். வண்டியை வாசலில் நிறுத்தாமல் தெருவோரமாக விட்டுவிட்டு நடந்து வந்து, பட்டறைக் கதவருகே நின்றான். நான் அப்போது அடுப்பருகே குளிர் காய்ந்துகொண்டிருந்தேன்.

"வஸ்தா, வண்டியை வித்துடலாம்னு இருக்கேன். யாராச்சும் கேட்டா சொல்லுங்க."

"ஏன்? ஆஸ்பத்திரிக்கு எதுல போவே?"

"போகல. ரெண்டு தடவை போகல. இனிமே வர மாட்டேங்குறா. 'வீட்டுல செத்தா போர்வைக்குள்ள சாவேன், உன் வண்டியில நடுங்கி நடுங்கிச் சாக முடியாது'ங்குறா." அவன் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "முகமெல்லாம் வீங்கிருச்சு. மூச்சு வாங்குது. கெஞ்சிப் பாத்துட்டேன்."

லத்தீஃப் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அவளைக் கூட்டிட்டு வா," என்றார். "ஆஸ்பத்திரிக்கு இல்ல. இங்க வரைக்கும். என்னைத் திட்டுறதுக்காச்சும் வரச் சொல்லு."

அவள் வந்தாள். மதியத்துக்கு முன்பே வந்துவிட்டாள். மேல்கிராமத்திலிருந்து கானிரஷ் வரை ஒரே இறக்கம். வண்டி நிற்கும்போது உள்பக்கக் கண்ணாடியில் மெல்லிய பனி பூத்திருந்தது. நீல வெல்வெட் உடையின்மேல் கணவனின் கோட், அதன்மேல் போர்வை. ஹேமின் தாங்கிப் பிடித்து இறக்கினான். அவள் அடுப்பருகே போட்ட ஸ்டூலில் உட்காரவில்லை. வண்டியின் பக்கத்தைப் பிடித்தபடி நேரே முன்பக்கம் வந்தாள்.

"வஸ்தா, நீங்க போன தடவை செஞ்ச வேலை நல்லா இருக்கு," என்றாள். "முந்தியெல்லாம் சும்மா குளிரும். இப்ப ஊதி ஊதிக் குளிருது."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. லத்தீஃப் முன்மூடியைத் தூக்கிக் குனிந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வலது கையை நீட்டி ஒரு குழாயைப் பிடித்தார். அடுத்ததைப் பிடிக்கக் குனிந்தபோது, இடது கையை எஞ்சினின் பக்கவாட்டில் ஊன்றிக்கொண்டார்.

"சூடாத்தான் இருக்கு, தங்கச்சி," என்றார். "ரெண்டும் சூடு."

"கையை எடுங்க," என்றாள் ரூனாக்.

அவர் புரியாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"கையை எடுங்க, வஸ்தா. வேகுது."

அப்போதுதான் எங்களுக்கு நாற்றம் எட்டியது. இடது கையை அவர் ஊன்றியிருந்தது புகை வெளியேறும் இரும்பின்மேல். எவ்வளவு குளிரிலும் தொட முடியாத இடம் அது. அவள் அவருடைய மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள். உள்ளங்கையின் ஓரம் வெள்ளையாகி, தோல் சுருங்கியிருந்தது. அவர் முகத்தில் வலி இல்லை. அகப்பட்டுக்கொண்டவனின் பார்வைதான் இருந்தது.

ரூனாக் வண்டியின் மட்கார்டிலிருந்து பனியை அள்ளி அந்தக் கையில் வைத்து அழுத்தினாள்.

"குளிருதா?"

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"கேக்குறேன்ல. குளிருதா, இல்லையா?"

"இல்ல."

"எத்தனை நாளா?"

"சரியாத் தெரியல. மொதல்ல விரல் நுனி மட்டும். இப்ப மணிக்கட்டு வரைக்கும்."

"வீட்டுல தெரியுமா?"

"தெரியாது."

"என் காலும் இப்படித்தான்," என்றாள் அவள். "அடுப்பு கிட்ட நீட்டிப் படுத்திருந்தேன். காலுறை கருகி, நாத்தம் வந்தப்புறம்தான் பாத்தேன். அதனாலதான் உங்க கையைப் பாத்ததும் தெரிஞ்சுது." அவள் பனியை உதறிவிட்டு இன்னும் கொஞ்சம் அள்ளினாள். "அப்ப குழாயைப் புடிச்சு சூடுன்னு எப்படிச் சொன்னீங்க?"

லத்தீஃப் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டும் ஒரே மாதிரி இருந்துது. ஒரே மாதிரி இருந்தா சூடுன்னு வெச்சுக்கிட்டேன். தெரியலன்னு சொல்ல வாய் வரல. வஸ்தா வஸ்தான்னு கூப்பிட்டு வர்றீங்க."

ஹேமின் ஒரு அடி முன்னால் வைத்தான். அவன் கை இறுகியிருந்ததைப் பார்த்து நான் எழுந்துவிட்டேன்.

"இவ நடுங்கினது உங்களுக்குத் தெரியும்," என்றான். "நான் வந்து சொன்னேன். ரெண்டு தடவை வந்து சொன்னேன்."

"சொன்னே," என்றார் லத்தீஃப். அவர் விலகவில்லை. அடி விழுந்தால் வாங்கிக்கொள்வதற்கு நின்றது போலிருந்தது.

"ஹேமின், தள்ளு," என்றாள் ரூனாக். "அப்புறம் அடிச்சுக்கோ. என்னால நிக்க முடியல." அவள் கணவனின் கோட்டுக் கையை மேலே சுருட்டிக்கொண்டு எஞ்சினுக்குள் கையை நீட்டினாள். "எது எதைப் புடிக்கணும்? சொல்லுங்க."

அவர் தொடாமல் விரலால் காட்டினார். அவள் இரண்டு குழாயையும் பிடித்தாள்.

"இதுவா சூடு? ரெண்டும் வெதுவெதுப்பு. பாலைக் காச்சி ஆறவெச்சு, தயிருக்கு உறை ஊத்துவோம்ல, அந்தச் சூடு. சுண்டு விரலை விட்டா பொறுத்துக்கும்."

லத்தீஃபின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் சட்டென்று எஞ்சினை அணைக்கச் சொன்னார். "மேல இருக்குற தடிக் குழாய். ரேடியேட்டருக்குப் போறது. அதையும் தொடு."

"இதுவும் அப்படித்தான். அதே சூடு."

"இந்நேரம் அது குளிர்ந்து கெடக்கணும், இல்லாட்டிக் கொதிக்கணும். ரெண்டும் இல்ல." அவர் ஏற்கெனவே ஸ்பானரை எடுத்துவிட்டார். "எஞ்சினுக்கே சூடு ஏறல. தண்ணி நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு. இறக்கத்துல எல்லா சூட்டையும் ரேடியேட்டர் வெளிய கொட்டிருது."

தண்ணீரைக் கொஞ்சம் வடித்துவிட்டு, எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்துவைக்கும் தெர்மோஸ்டாட் இருக்கும் மூடியின் இரண்டு போல்ட்டையும் கழற்றினார். மூடி வரவில்லை. கத்தியை நுழைத்து நெம்பியதும் பிரிந்தது. உள்ளே தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய வட்டம் காலியாக இருந்தது. மூடியின் அடியில் ஒட்டியிருந்த அட்டை கிரீஸில் ஊறி மங்கியிருந்தாலும், தேயிலை டப்பாவின் சிவப்பெழுத்து தெரிந்தது.

அவர் அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் எடுத்தேன்," என்றார். "போன கோடைக்கு முந்தின கோடையில. நீ வைக்கோல் ஏத்திக்கிட்டு கணவாயில கொதிக்கவிட்டு வந்தே. ஊர்ல புதுசு இல்லன்னு இதைக் கழட்டிட்டு, குளிர் வந்தா போட்டுக்கலாம்னு சொன்னேன்."

"சொன்னீங்க," என்றான் ஹேமின். "நானும் மறந்துட்டேன். அதுக்கடுத்த குளிர்ல, இவளுக்கு நோவு வர்றதுக்கு முந்தி, நான் தனியாத்தானே ஓட்டினேன். எனக்கொண்ணும் தெரியல." அவன் இறுக்கியிருந்த கை தளர்ந்துவிட்டது. முன்மூடியின் ஓரத்தில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

நான் எதிர்ப்புறம் ஓடிப்போய் அலமாரியில் தேடி அந்த வண்டிக்குரிய தெர்மோஸ்டாட்டை எடுத்து வந்தேன். லத்தீஃப் அதை நேராகப் பொருத்தவில்லை. அடுப்பின்மேல் கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலின் மூடியைத் திறந்து உள்ளே போட்டார். ரூனாக் ஸ்டூலில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். பித்தளைத் தட்டு மெல்லத் தூக்கிக்கொண்டு திறந்தது. இடுக்கியால் வெளியே எடுத்துக் காற்றில் காட்டியதும் மூடிக்கொண்டது.

"இவ்வளவுதானா?" என்றாள். "இந்த உள்ளங்கையளவு சாமானுக்கா நான் போர்வைக்குள்ள போயி படுத்தேன்?"

"இவ்வளவுதான், தங்கச்சி."

வெந்த கையில் நான் கொடுத்த கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு அவரே பொருத்தினார். இம்முறை என் கடைக் கேஸ்கட்டைக் கேட்டு வாங்கினார். தண்ணீர் ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, உள்ளே அடைபட்ட காற்று குமிழியாக வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட்டார். ரூனாக் மேல்குழாயில் கை வைத்திருந்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லியும் எடுக்கவில்லை.

"இன்னும் இல்ல," என்றாள். "பச்சைத் தண்ணி." சற்றுப் பொறுத்து, "இன்னும் இல்ல." பிறகு அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "இப்ப. சுடுது."

அவர் ஹீட்டர் குழாய்களைக் காட்டினார். அவற்றின்மேல் அவளால் விரல் வைக்கவே முடியவில்லை.

இறக்கத்தில் சூடு நிற்கிறதா என்று பார்க்க, ஹேமினும் ரூனாக்கும் மேல்கிராமத்துக்குப் பாதி தூரம் ஓட்டிப்போய்த் திரும்பினார்கள். அதுவரை லத்தீஃப் வாசலில் நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்த வண்டியின் கண்ணாடியில் பனி இல்லை. ரூனாக் தன் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். போர்வை மடியில் கிடந்தது. கோட்டின் மேல்பொத்தான்கள் திறந்திருந்தன.

"நாளைக்குப் போறோம்," என்றாள் அவரிடம். "நீங்களும் போங்க. டாக்டர்கிட்ட. வீட்டுலயும் சொல்லிட்டுப் போங்க."

மறுநாள் அவளை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். நுரையீரல்வரை நீர் ஏறியிருந்ததாம். ஒரு வாரம் எங்களுக்கு நல்ல செய்தி இல்லை. பிறகு வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போதும் ஒன்றுவிட்டு ஒருநாள் கணவாயைத் தாண்டிப் போகிறாள். நோய் அவளை விட்டுவிடவில்லை. ஆனால் திரும்பும் வழியில் தூங்கிவிடுகிறாள் என்கிறான் ஹேமின். இறக்கத்தில் அவளை எழுப்பாமல் ஓட்டுவது கஷ்டம் என்று குறைப்பட்டுக்கொள்கிறான்.

லத்தீஃப் பட்டறையைப் பூட்டிவிட்டார். டாக்டரிடம் போய் வந்தார். சர்க்கரை நரம்பை அரித்துவிட்டது, போன உணர்ச்சி திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். கற்கண்டுப் பொட்டலத்தை அவர் மனைவி பிடுங்கி எறிந்துவிட்டாள். கடைவீதியில் செய்தி பரவியது. சிலர் பரிதாபப்பட்டார்கள். சிலர் தங்கள் பழைய செலவுகளையெல்லாம் நினைத்துப் பார்த்து, எதெல்லாம் அவர் கை தவறியதால் வந்தது என்று யோசித்தார்கள். பூட்டிய கதவைப் பார்த்து இரண்டொரு வண்டிகள் திரும்பிப் போயின. நானும் போய்க் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

பனி உருகத் தொடங்கிய வாரத்தில் ஒரு காலை கதவு திறந்திருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர், எங்களை அறியாதவர், ஒரு பழைய பிக்கப்பை வாசலில் நிறுத்திவிட்டு, இங்கே வஸ்தா யார் என்று சத்தமாகக் கேட்டார். கடைவீதி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. லத்தீஃப் வெளியே வந்தார். இடது கையில் தழும்பு இன்னும் சிவந்திருந்தது, அதை அவர் மறைத்துக்கொள்ளவில்லை. முன்மூடியைத் தூக்கி நிறுத்தினார். இரண்டு குழாயும் கண்ணெதிரே இருந்தன.

"என் கைக்குச் சூடு தெரியாது," என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "உங்க கையைக் குடுங்க."

வந்தவர் விழித்தார். லத்தீஃப் அவருடைய மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து, கையுறையைக் கழற்றி, விரல்களைக் குழாய்மேல் வைத்தார். பிறகு குழாயைப் பார்க்காமல், அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.